மைசூரில் ஒரு நாவலாசிரியரின் நாள்

மைசூருக்குப் போகிறேன் என்று சொன்னால் போதும், நம் வீடுகளில் உடனே ஒரு பட்டியல் தயாராகிவிடும். அம்மாவுக்கு மைசூர் சில்க், அத்தைக்குச் சந்தன சோப்பு, அலுவலகத் தோழிகளுக்கு மைசூர்பாகு. சுற்றிப் பார்ப்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு: அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனத் தோட்டம். இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பிவிடலாம்.

இந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு வீடு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் யாதவகிரி என்ற குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. அமைதியான தெரு. முன்பக்கச் சுவர் அரைவட்டமாக வெளியே வளைந்து நிற்கும் மாடி வீடு. அதற்குள் ஒருவர் அணிந்த கோட்டும் மூக்குக் கண்ணாடியும் அவர் படித்த, எழுதிய புத்தகங்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. அவர் ஆர்.கே. நாராயண். மால்குடி என்ற ஊரைக் கற்பனையில் கட்டி எழுப்பியவர்.

என்னை அங்கே அழைத்துப்போன ஆட்டோக்காரர் கன்னடம் கலந்த தமிழ் பேசினார். நான் எழுத்தாளரின் பெயரைச் சொன்னேன், அவருக்குப் பிடிபடவில்லை. 'மால்குடி டேஸ்' என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அந்தத் தொலைக்காட்சித் தொடரின் ஆரம்ப இசையை வாயாலேயே பாடிக்கொண்டு வண்டியை எடுத்தார். எல். வைத்தியநாதன் அமைத்த இசை அது. வானொலியில் வேலை செய்யும் எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம். எழுதியவர் பெயர் மறந்தாலும் இசை மறக்கவில்லையே!

நான் அங்கே போனது மால்குடியைப் பார்க்க அல்ல. என் நிகழ்ச்சிக்கு அழைக்கும் இளம் நேயர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விதான் என்னை அங்கே கொண்டுபோனது. "எழுதணும்னு ஆசையா இருக்கு. ஆனா வேலை, வீட்டுக் கடன், பிள்ளைங்க... எப்போ எழுதுறது?" வேறு வருமானம் இல்லாமல், எழுதியே பிழைப்பேன் என்று பிடிவாதமாக நின்ற ஒருவர் தன் நாளை எப்படிக் கழித்தார்? அதைப் பார்க்கத்தான் மைசூர்.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம்

நாராயண் பிறந்தது சென்னையில், 1906 அக்டோபர் 10ஆம் தேதி. புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். அப்பா மைசூர் சமஸ்தானத்தில் தலைமை ஆசிரியர். பின்னாளில் அப்பாவிடம் வந்து சேர்ந்தபோது அந்தப் பள்ளி நூலகம் முழுவதும் அவருக்குத் திறந்து கிடந்தது. தேர்வுகளோடு மட்டும் அவருக்கு ஒத்துப்போகவே இல்லை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார். அந்த ஓராண்டைக் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் புத்தகமும் கையுமாகக் கழித்தார். பிறகு மகாராஜா கல்லூரியில் சேர்ந்து 1930இல் பி.ஏ. முடித்தார்.

அவர் வீட்டில் பேசியது தமிழ். கடைத்தெருவில் பேசியது கன்னடம். எழுதியது ஆங்கிலம். இதைப் படித்து வெளிநாட்டு விமர்சகர்கள் வியந்திருக்கலாம். நமக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? வீட்டில் தமிழ், சந்தையில் மலாய், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று காலை முதல் இரவு வரை மூன்று மொழிகளில் புழங்குகிறவர்கள்தானே நாம்!

படிப்பு முடிந்ததும் அப்பா ஆசிரியர் வேலைக்கு ஏற்பாடு செய்தார். நாராயண் போனார். சில நாள்களிலேயே திரும்பி வந்துவிட்டார். இனி எழுத்தாளராகத்தான் இருப்பேன் என்று அறிவித்தார். அந்தக் காலத்தில், ஒரு தலைமை ஆசிரியர் வீட்டில், பட்டதாரி மகன் இப்படிச் சொன்னால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் காலத்தில் சொன்னாலே நம் வீடுகளில் இரண்டு நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் பேச்சு இருக்காது!

1930 செப்டம்பரில், பாட்டி நல்ல நாள் பார்த்துக் கொடுக்க, பெங்களூரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத உட்கார்ந்தார். முதலில் மனத்தில் வந்தது ஒரு சிறிய ரயில் நிலையம். அதற்கு மால்குடி என்று பெயர் வைத்தார். இந்தியாவின் எந்த வரைபடத்திலும் இல்லாத அந்த ஊரின் நிலையத்துக்கு அன்று ரயில் வந்து நின்றது.

பத்து அங்குலச் செய்தி

ரயில் வந்துவிட்டது, பணம் வரவில்லை. கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜம் என்ற பெண்ணைப் பார்த்தார். பிடித்துப்போயிற்று. ஜாதகம் பொருந்தவில்லை என்று பெரியவர்கள் தயங்கினார்கள். இவர் விடவில்லை. கல்யாணம் நடந்தது. குடும்பம் என்று ஆனதும் மாத வருமானம் வேண்டுமே? அப்போது கிடைத்ததுதான் நிருபர் வேலை.

பத்திரிகையின் பெயர் 'ஜஸ்டிஸ்'. சென்னையிலிருந்து வந்த ஆங்கில நாளேடு. பிராமணரல்லாதார் இயக்கமான நீதிக்கட்சியின் பத்திரிகை. அதற்கு மைசூரில் செய்தி சேகரித்தவர் ஓர் ஐயர் வீட்டுப் பிள்ளை! கேட்டவர்கள் புருவத்தை உயர்த்தியிருப்பார்கள். நாராயணுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. செய்திக்குக் காசு கொடுத்தார்கள், அதுவும் அங்குலக் கணக்கில். அச்சில் செய்தி எவ்வளவு நீளம் வருகிறதோ அவ்வளவு கூலி.

அவருடைய அன்றாட அட்டவணையைத் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவார். வண்டி கிடையாது, நடைதான். கடைத்தெரு, சந்தை, நீதிமன்றம், காவல் நிலையம், நகராட்சி அலுவலகம் என்று ஒரு சுற்று. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் குறைந்தது பத்து அங்குலச் செய்தி சேர வேண்டும். ஒரு மணிக்கு வீடு. அவசர அவசரமாகச் சாப்பாடு. தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, செய்திகளுக்குத் தலைப்புக் கொடுத்து அடித்து முடித்து, உறையில் போட்டு ஒட்டி, சாமராஜபுரம் தபால் நிலையத்துக்கு ஓட வேண்டும். அங்கே 2.20க்குத் தபால் எடுத்துவிடுவார்கள். அது தவறினால் அன்றைய உழைப்பு வீண்.

செய்தி அறையில் வேலை செய்த எவருக்கும் இந்த 2.20 புரியும். எங்களுக்கும் மணி அடித்தால் ஒலிவாங்கி திறந்துவிடும். தயாராக இருக்கிறாயா என்று அது கேட்காது.

இந்த வேலையில் அவருக்குக் கிடைத்த பணம் கொஞ்சம்தான். ஆனால் வேறொன்று நிறையக் கிடைத்தது. பாகப்பிரிவினை வழக்குக்காக நீதிமன்றத் திண்ணையில் காத்திருக்கும் அண்ணன் தம்பி, மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர், வாய்ப்பேச்சிலேயே வியாபாரம் நடத்துகிறவர், நகராட்சிக் கூட்டத்தில் மேசையைத் தட்டும் உறுப்பினர் என்று ஊரில் உள்ள அத்தனை பேரையும் தினமும் பார்த்தார். பத்து அங்குலத்துக்குள் அடங்காத மனிதர்கள் இவர்கள். செய்தி சென்னைக்குப் போனது. மனிதர்கள் மால்குடிக்குக் குடிபோனார்கள்.

'நிதி நிபுணர்' என்று நாம் சொல்லக்கூடிய நாவல் ஒன்று அவருக்கு உண்டு, 1952இல் வந்தது. அதன் நாயகன் மார்க்கய்யா. கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்து, வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துப் பிழைப்பவர். நம்மூரிலும் அரசாங்க அலுவலக வாசலில் பாரம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாராயண் நின்று பார்த்தார், நாம் வரிசையில் நகர்ந்துவிட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆற்றில் போடச் சொன்ன நாவல்

அந்த ரயில் நிலையத்தோடு தொடங்கிய நாவல் என்ன ஆயிற்று? லண்டன் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கையெழுத்துப் பிரதி ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் கிட்டு பூர்ணாவிடம் போய்ச் சேர்ந்தது. வெறுத்துப்போன நாராயண், அதில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி நண்பருக்கு எழுதினார்.

நல்ல நண்பர்கள் எல்லாப் பேச்சையும் கேட்பதில்லை. பூர்ணா அதை கிரகாம் கிரீன் என்ற இளம் எழுத்தாளரிடம் கொண்டுபோனார். கிரீனுக்குப் பிடித்துவிட்டது. தானே பதிப்பாளரிடம் பேசினார். நாவல் ஏற்கப்பட்ட செய்தி தந்தியாக மைசூருக்கு வந்தது. ஊர்ச் செய்திகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த நிருபருக்கு, அவரைப் பற்றிய செய்தியே வெளியிலிருந்து வந்தது!

'சுவாமி அண்டு பிரெண்ட்ஸ்' என்ற தலைப்பு கிரீன் சொன்ன யோசனை. நீளமான பெயரை ஆர்.கே. நாராயண் என்று சுருக்கச் சொன்னவரும் அவரே. புத்தகம் 1935இல் வெளிவந்தது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். நம் தாத்தா பாட்டிகள் இங்கே தோட்டத்திலும் துறைமுகத்திலும் தமிழ்ப் பத்திரிகையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்த காலம் என்று நினைத்துக்கொண்டால், அந்த 1935 கொஞ்சம் பக்கத்தில் வரும்.

நாவல் வந்ததால் வறுமை தீர்ந்துவிடவில்லை. விற்பனை மந்தம். கிரீனும் நாராயணும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடிதத்திலேயே நண்பர்களாக இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே அதற்குப் பிறகுதான்.

ராஜம் இல்லாத வீடு

1939 ஜூன். ராஜத்துக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. பிழைக்கவில்லை. கல்யாணமாகி ஐந்தாறு ஆண்டுகள்தான். நாராயணுக்கு அப்போது வயது 32. கையில் ஹேமா என்ற சின்னப் பெண் குழந்தை.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுத்து அவருக்கு அர்த்தமில்லாமல் போய்விட்டது. மனைவியின் ஆவியோடு பேச முடியுமா என்று சென்னையில் அதில் ஈடுபாடு கொண்ட ஒருவரிடம்கூடப் போனார். இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். துக்கத்தில் இருக்கும் மனிதர் எந்தக் கதவையும் தட்டுவார் என்பதை மட்டும் நாம் எல்லோரும் நம்முடைய வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

கூட்டுக் குடும்பம் குழந்தையைத் தாங்கிக்கொண்டது. நாராயண் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்தத் துக்கம் 1945இல் 'தி இங்கிலீஷ் டீச்சர்' என்ற நாவலாக வந்தது. மால்குடிக் கதைகளின் சிரிப்பை மட்டும் தெரிந்தவர்கள் அந்த நாவலை ஒருமுறை படிக்க வேண்டும். மனைவியை இழந்த ஒரு கல்லூரி ஆசிரியர், தன் சின்ன மகளோடு மெல்ல மெல்ல வாழ்க்கைக்குத் திரும்பும் கதை. யாதவகிரி வீட்டில் நடந்துகொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இந்த வீடு கட்டப்படுவதைப் பார்க்க ராஜம் இல்லை.

சந்தையில் கிடைக்கும் நாவல்

தேவராஜா மார்க்கெட்டுக்குக் காலையில் போங்கள். குவியல் குவியலாக வண்ணக் குங்குமம், முழம் போடும் மைசூர் மல்லிகை, வெற்றிலைக் கவுளிகள், நஞ்சன்கூடு வாழைப்பழம். பூக்காரர் கன்னடத்தில் விலை சொல்லி, என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். நான் பேரம் பேச ஆரம்பித்ததும் மறுபடி கன்னடத்துக்குப் போய்விட்டார்!

நாராயணுக்கு நடை ஒரு தொழில் ஒழுக்கம். நிருபர் வேலை முடிந்த பிறகும் அவர் நடையை விடவில்லை. ஊருக்குள் நடப்பார், கடைக்காரர்களிடம் நின்று பேசுவார், வழியில் பார்த்தவர்களிடம் ஊர்க் கதை கேட்பார். யாருக்கும் அவர் நாவலுக்கு ஆள் பிடிக்கிறார் என்று தெரிந்திருக்காது.

1941இல் 'இண்டியன் தாட்' என்று சொந்தமாக ஒரு காலாண்டிதழ் தொடங்கினார். ஓராண்டுக்குள் அது நின்றுபோனது. அந்தப் பெயரிலேயே பதிப்பகம் நடத்தித் தன் புத்தகங்களைத் தானே வெளியிட்டார். இதழை அச்சடித்துக் கொடுத்த மைசூர் அச்சகக்காரர்தான் பிறகு 'மிஸ்டர் சம்பத்' ஆனார். அந்தக் கதை நாவலாக வருவதற்கு முன்பே, 1947இல் 'மிஸ் மாலினி' என்ற தமிழ்ப் படமாக வந்தது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஜெமினி படம். பின்னாளில் காதல் மன்னன் என்று நம் பாட்டிகள் கொண்டாடிய ஜெமினி கணேசன் திரையில் முதலில் தலைகாட்டியது அதில்தான்.

'தி இந்து' நாளிதழின் ஞாயிறு பக்கங்களில் அவர் கட்டுரைகளும் கதைகளும் எழுதினார். வாரம் பிறந்தால் எழுதியே ஆக வேண்டும். அந்தக் கட்டுரைகளின் தொகுப்பு ஒன்றுக்கு அவர் வைத்த பெயரே 'அடுத்த ஞாயிறு' என்ற பொருள் தருவதுதான். இந்த ஞாயிறு முடிவதற்குள் அடுத்த ஞாயிறு வந்து வாசலில் நிற்கும் என்பது வாரந்தோறும் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

ஊர்ச் செய்தி ஒன்று பெரிய நாவலானதற்கு நல்ல உதாரணம் 'தி கைடு'. 1950களில் மைசூர் வட்டாரத்தில் கடும் வறட்சி. ஆறும் குளமும் வற்றிவிட்டன. வேறு வழி தெரியாமல் நகராட்சியே மழைக்குப் பிரார்த்தனை ஏற்பாடு செய்தது. வேதம் ஓதுகிறவர்கள் காய்ந்த காவிரியில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று பதினோரு நாள் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. நிருபருக்கு இது பத்து அங்குலச் செய்தி. நாராயணுக்கோ இதிலிருந்து ஒரு கேள்வி பிறந்தது. அப்படி உபவாசம் இருக்கிறவர் உண்மையான சாமியாராக இல்லாமல், ஊர் மக்கள் சாமியார் என்று நம்பிவிட்ட ஒரு முன்னாள் சிறைக்கைதியாக இருந்தால்?

அந்தக் கேள்வியை அவர் மைசூரிலேயே வைத்து எழுதவில்லை. 1956இல் முதல்முறையாக அமெரிக்கா போனபோது, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு ஓட்டல் அறையில் தங்கி எழுதினார். காவிரிக்கரை அவ்வளவு தூரம் அவரோடு பயணப்பட்டிருந்தது. 1958இல் நாவல் வந்தது. 1960இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. ஆங்கில நாவல் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. தேவ் ஆனந்த் நடித்த 'கைடு' படம் 1965இல் வந்து ஓடோ ஓடென்று ஓடியது. நாராயணுக்கு மட்டும் படம் பிடிக்கவில்லை. தன் கதையைக் காணோமே என்று அதைப் பற்றி ஒரு கிண்டல் கட்டுரையே எழுதினார்.

எட்டு ஜன்னல், ஒரு திரை

இப்போது யாதவகிரி வீட்டுக்கு வருவோம். 1950களின் தொடக்கத்தில் கட்டிய வீடு. எப்படி இருக்க வேண்டும் என்று நாராயணே திட்டமிட்டார். அவருக்கு ஒரு கனவு அறை இருந்தது: வளைவாக வெளியே நீட்டி நிற்கும் அறை, எட்டு ஜன்னல்கள். ஒரு பக்கம் சாமுண்டி மலைக் கோயில். இன்னொரு பக்கம் ஊரின் கோபுரங்களும் மாட விதானங்களும். சுற்றிலும் ஆடு மாடு மேயும் வெளி. சற்றுத் தள்ளி ரயில் போவது தெரியும். எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அங்கே உட்கார்ந்தவருக்கு எழுத்து ஓடவில்லை. கண் ஜன்னலிலேயே நின்றது. கடைசியில் கனமான திரை ஒன்றை வாங்கி ஜன்னலை மறைத்தார். பார்ப்பதற்குத் திரையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றான பிறகுதான் நாளுக்கு ஆயிரம் வார்த்தை வீதம் எழுத்து வந்தது. அப்படியே இரண்டு நாவல்களை முடித்தார். இதையும் சிரித்துக்கொண்டே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த அறையில் நான் நின்றபோது வெளியே மேய்ச்சல் வெளி இல்லை, வீடுகள்தான். ஆனாலும் எட்டுப் பக்கமும் வெளிச்சம் விழுந்தது. 'எழுதுவதற்கு ஒரு நல்ல இடம் அமையட்டும், ஆரம்பிக்கிறேன்' என்று சொல்லும் நேயர்களை நினைத்துக்கொண்டேன். கடற்கரை விடுதியோ கேமரன் மலைக் குளிரோ தேவை என்று நினைக்கிறோம். நாராயணுக்கு அப்படி ஒரு இடம் கிடைத்தது. கிடைத்ததும் அதை மூடி வைத்தார். காலை நேரத் தெருக்களில் அவர் பார்த்துச் சேர்த்தது தலைக்குள் இருந்தது. அதை எழுத ஒரு மேசை போதும்.

புத்தகப் பையும் நாடாளுமன்றமும்

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு சேதி. 1986இல் நாராயண் இந்திய நாடாளுமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர் பேசிய கன்னிப் பேச்சு இலக்கியத்தைப் பற்றியது அல்ல, பள்ளிப் பிள்ளைகள் முதுகில் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றியது. கூனிக்கொண்டு நடக்கும் குழந்தைகளைப் பற்றியும், விளையாட நேரமில்லாத பிள்ளைப் பருவத்தைப் பற்றியும் பேசினார். அதன் பிறகு, கல்விச் சுமையை ஆராய அறிவியலாளர் யஷ்பால் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. தேர்வில் தோற்று ஏரிக்கரையில் ஓராண்டு படித்துத் திரிந்த பையன், எண்பது வயதைத் தாண்டியும் அதை மறக்கவில்லை.

இடிக்கத் தொடங்கிய வீடு

வயதான காலத்தில் நாராயண் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 2001 மே 13ஆம் தேதி அங்கேயே காலமானார். மைசூர் வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு கைமாறியது. 2011இல் அடுக்குமாடி கட்டுவதற்காக அதை இடிக்கத் தொடங்கினார்கள். சில பகுதிகள் உடைபட்ட பிறகு செய்தி வெளியே வந்தது. பத்திரிகைகள் எழுதின. வாசகர்களும் மைசூர்வாசிகளும் குரல் கொடுத்தார்கள். இடிப்பு நின்றது. ஒரு நிருபரின் வீட்டை நிருபர்கள் காப்பாற்றினார்கள் என்றே சொல்லலாம்.

அது எளிதாக முடிந்த கதையும் அல்ல. மக்கள் வரிப்பணத்தில் ஆங்கில எழுத்தாளர் ஒருவருக்கு நினைவில்லமா, கன்னடத்துக்கு அவர் என்ன செய்தார் என்று கன்னட எழுத்தாளர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தக் கேள்வியில் ஒரு வலி இருக்கிறது, தள்ளிவிட முடியாது. ஆனாலும் மைசூர் மாநகராட்சி வீட்டை வாங்கிச் செப்பனிட்டு 2016இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. தமிழ் பேசிய, ஆங்கிலத்தில் எழுதிய ஒருவரின் வீட்டைக் கன்னட மண்ணின் மாநகராட்சி பராமரிக்கிறது. அவர் கதைகளில் மைசூர்த் தெருக்கள் அவ்வளவு நடந்திருக்கின்றன.

போகிறவர்களுக்கு

கோலாலம்பூரிலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானம் உண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரம். பெங்களூரிலிருந்து மைசூர் சாலை வழியாகச் சுமார் 145 கிலோமீட்டர். விமான நிலையத்திலிருந்தே மைசூருக்குப் பேருந்து கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது ரயில்தான். மால்குடிக்கு ரயிலில் போவதுதானே முறை!

வீட்டைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். மேல்தளம், கீழ்த்தளம் இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் தங்கும் விடுதியில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கிருந்து தேவராஜா மார்க்கெட்டுக்கும் கே.ஆர். சர்க்கிளுக்கும் நடந்தே போகலாம். வழியில் ஒரு டம்ளர் காபி. மாலையில் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள், புறப்படுவதற்கு முன்பு வீட்டில் 'மால்குடி டேஸ்' தொடரில் இரண்டு பகுதியாவது போட்டுக் காட்டுங்கள். சுவாமியைத் தெரிந்த பிள்ளைக்கு அந்த வீட்டில் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கும். தொடர் படமானது மைசூரில் அல்ல, மலைநாட்டு ஆகும்பேயில் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சுவாமியின் வீடு எங்கே என்று தேடுவார்கள்.

நம் பக்கத்து வீடு

மைசூர் வீட்டைப் பார்த்த பிறகு எனக்குள் ஓடுவது நம் ஊர்க் கணக்கு. இந்த நாட்டில் தோட்டத்துப் பள்ளி ஆசிரியராக, கிராணியாக, ரயில்வே ஊழியராக, அச்சகத் தொழிலாளியாக இருந்துகொண்டு இரவில் விளக்கடியில் கதை எழுதியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கதைகள் பத்திரிகைகளின் ஞாயிறு பதிப்புகளில் வந்தன. பலருக்குப் புத்தகம்கூட வரவில்லை. அவர்கள் இருந்த லயங்கள் இடிந்து, அந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. அந்த வீடுகளை இனி யாரும் வாங்கிச் செப்பனிட முடியாது.

ஆனால் சில பேர் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் தாமானிலேயே ஒரு தாத்தா இருக்கலாம், ஒரு பாட்டி இருக்கலாம். அறுபதுகளில், எழுபதுகளில் கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியவர்கள். அடுத்த முறை அவர்கள் வீட்டுக்குப் போனால் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க எந்த நேரத்துல எழுதுவீங்க தாத்தா? எங்கே உட்கார்ந்து எழுதுவீங்க?" அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய நோட்டுப் புத்தகமோ கத்தரித்து ஒட்டிய தாள்களோ இருந்தால் படம் எடுத்து வையுங்கள். வானொலிக்காரியாக ஒன்று மட்டும் சொல்ல முடியும். குரலை எப்போது வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்று நினைத்துத் தள்ளிப்போட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். இந்த வார இறுதியிலேயே போய்வாருங்கள்.